ஜெனரேட்டர்காரனின் சாட்சி

அன்லோகாவில்
கடலுக்கும் காயலுக்கும் நடுவே
நிலம் என்று இருப்பது கொஞ்சம்தான்.
அதிலும் பாதி வெங்காயப் பாத்தி.
மிச்ச மணலில் எங்கள் ஜெபக் கூடாரம்.
கூடாரத்துக்குப் பின்னால், தகரக் கொட்டகையில் நான்:
செலோர்ம், ஜெனரேட்டர்காரன்.

உள்ளே தீர்க்கதரிசி மாவுன்யோ
"வல்லமை!" என்பார்.
நாலு ஒலிபெருக்கியும் "வல்லமை!" என்னும்.
நான் டீசல் அளவைப் பார்ப்பேன்.
சாதாரண எழுப்புதலுக்குப் பதினெட்டு லிட்டர்.
பிசாசு துரத்தும் ராத்திரி என்றால் இருபத்திரண்டு.
வல்லமை எவ்வளவு குடிக்கும் என்று
இந்தக் கரையில் எனக்குத்தான் தெரியும்.

கொட்டகையை ஒட்டி ஒரு வேப்பமரம்.
மரத்தில் ஒரு சங்கிலி.
சங்கிலியின் மறுமுனையில் டோட்சே.
அவனுக்குள் ஏழு பேர் இருப்பதாகச் சொன்னார்கள்.
நான் பார்த்தவரை ஒருவன்தான் இருந்தான்,
அவனும் பசியோடு.
ஆனால் நான் சம்பளத்துக்கு இருப்பவன்,
வாயைத் திறக்கவில்லை.
இதைச் சாட்சியில் சொல்லத்தான் வேண்டும்.

தினமும் பொழுது சாய்ந்ததும்
சிட்சோஃபே வருவாள், கருவாடு விற்பவள்.
தூக்கில் புளித்த சோளக் கஞ்சி.
அவன் துப்புவான். முகத்தைத் துடைத்துக்கொள்வாள்.
இன்னொரு கரண்டி.
தங்கை போலும் என்று நினைத்தேன்.
ஏழெட்டு மாதம் அப்படியே நினைத்திருந்தேன்.

ஒருநாள் தலைத்துணி சரிந்தது.
இடது காது இருக்கவேண்டிய இடத்தில்
உருகி இறுகிய தோல்.
"இவன்தான்" என்றாள், கரண்டியால் காட்டி.
"புகைபோடும் கொட்டகையைக் கொளுத்தினான்.
மீன் அவ்வளவும். நானும் உள்ளே இருந்தேன்."

மன்னித்துவிட்டாயா என்று கேட்டேன்.
கேட்டிருக்கக்கூடாது.
"எங்கே? இன்னும் எரியுது" என்றாள்.
"காலையில் எழுந்ததும் இவனைத் திட்டித்தான் ஜெபமே தொடங்குவேன்.
திட்டி முடிப்பதற்குள்
கை தானாக அடுப்பைப் பற்றவைத்துவிடுகிறது.
அது என் கை இல்லை, அண்ணே.
தள்ளு, கஞ்சி ஆறுது."

அந்த வெள்ளிக்கிழமை டீசலில் தண்ணீர் கலந்திருந்தது.
இயந்திரம் மூன்று முறை இருமி நின்றது.
உள்ளே "வல்ல" என்ற வரைக்கும் கேட்டது.
மிச்சம் மை.
கூடாரம் முழுக்க, காயல் முழுக்க, கண்ணுக்குள் முழுக்க மை.

ஒலிபெருக்கி இல்லாத தீர்க்கதரிசியின் குரல்
எவ்வளவு சின்னது!
"செலோர்ம்? செலோர்ம்?" என்று
தடவித் தடவி என்னிடம் வந்தார்.
வந்தவர் நின்றுவிட்டார்.

அலைச்சத்தத்துக்கு இடையில்
ஒரு கரண்டி தூக்கில் உரசும் ஓசை.
துப்பும் ஓசை.
துணியால் துடைக்கும் ஓசை.
மறுபடி கரண்டி.

எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தாரோ.
பிறகு மணலில் முழங்கால் ஊன்றினார்.
ஜெபிக்கப்போகிறார் என்று நானும் தலைகுனிந்தேன்.
அவர் ஜெபிக்கவில்லை.
கழுத்துச் சிலுவையோடு தொங்கிய சாவியைத்
தேடிக்கொண்டிருந்தார்.

உப்புக்காற்றில் பூட்டு இறுகிப்போயிருந்தது.
சட்டைப்பையில் அபிஷேக எண்ணெய்க் குப்பி, எருசலேமிலிருந்து வந்தது.
அதை மறந்தேபோனார்.
நான்தான் என் கந்தலைப் பிழிந்தேன்,
பழைய எஞ்சின் ஆயில், கறுப்பாய், இரண்டு சொட்டு.

பூட்டு திறந்தது.

டோட்சே ஓடவில்லை.
கணுக்காலைப் பார்த்தான், தொட்டான்.
"இன்னும் இருக்கா?" என்று கேட்டான்.
தூக்கைக் கவிழ்த்துக் காட்டினாள் சிட்சோஃபே.
"நாளைக்கு" என்றாள், கொஞ்சம் எரிச்சலோடு.

இயந்திரத்தை மறுபடி ஓட்ட
எனக்கு ஞாபகமே வரவில்லை.
கூடாரத்துக்குள் யாரோ
இருட்டிலேயே பாடத் தொடங்கியிருந்தார்கள்,
சுருதி சேராமல்.
அந்த ராத்திரிக் கணக்கில்
டீசல், பூஜ்யம் என்று எழுதினேன்.